புட்டு மாவுப் பதம்: உதகைச் சரிவில் ஒரு வெந்நீர்த் தரை

மாமா (அக்காவின் கணவர்) போட்ட தரையை ஆணியால் கீறினேன். கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி எழுந்தது. அடுத்த மாதம் மேஸ்திரி ஆட்கள் போட்ட ஹாலில் அதே ஆணியால் கீறியபோது ஒரு வெள்ளிக்கோடு விழுந்ததோடு சரி. ஒரே வீடு, ஒரே கடையில் வாங்கிய சிமெண்ட், அடியில் ஒரே வெந்நீர்க் குழாய். மாமா கவனக்குறைவான மனிதரும் இல்லை. சொல்லப்போனால் அந்த வீட்டிலேயே அதிகக் கவனத்தோடு போட்ட தரை அதுதான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடு, உதகை–கோத்தகிரி சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் ஒரு சரிவின் அடியில், தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிறது. கிழக்குப் பக்கம் என்பதால் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய மழை. அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். நவம்பரில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டுக்காரர்கள் ஸ்வெட்டரோடு சமாளிக்கும் இரவில் இந்த வீட்டு வாசல் புல்லில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை பூத்திருக்கும்.

அக்காவுக்கு முழங்கால் வலி. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களில் அறைக்கொரு கணப்பு உண்டு. அதன் எதிரே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், முகம் வேகும், முதுகு விறைக்கும். ரூம் ஹீட்டர் போட்டால் சூடு கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டை எப்படியும் இடித்துக் கட்டுகிறோம், தரையையே சூடாக்கிவிடலாம் என்று மாமா முடிவு செய்தார்.

அமைப்பு எளிதுதான். கான்கிரீட் தளத்தின் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் தெர்மக்கோல் பலகை, அதன்மேல் பாலிதீன் விரிப்பு, அதன்மேல் 16 மி.மீ. பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயை 15 செ.மீ. இடைவெளியில் வளைத்து வளைத்துப் பதிப்பது. சுவரோரம் முழுக்க நுரைப்பட்டை. குழாயை மூடி 70 மி.மீ. உயரத்துக்கு சிமெண்ட் ஸ்கிரீட், அதாவது சிமெண்டும் மணலும் சேர்ந்த கலவைத் தளம், அதன்மேல் டைல்ஸ். ஹீட் பம்ப் 40 டிகிரி வெந்நீரைக் குழாய்க்குள் சுற்றவிடும். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய இஎன் 1264 தரநிலை வைத்திருக்கும் வரம்பு. கால் சுடாது, குளிர் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த அடுக்கில் ஸ்கிரீட்டைத்தான் எல்லோரும் அலட்சியமாக நினைக்கிறார்கள், டைல்ஸுக்கு அடியில் மறையப்போகிற கலவைதானே என்று. உண்மையில் சூட்டைக் குழாயிலிருந்து வாங்கி அறை முழுக்கப் பரப்புவது அதுதான். குழாயைச் சுற்றிக் கலவை இறுக்கமாகக் கவ்வவில்லை என்றால் நடுவில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்தாது. போதாக்குறைக்கு இது மிதக்கும் தரை. அடியில் தெர்மக்கோலும் பாலிதீனும் இருப்பதால் கீழ்த்தளத்தோடு ஒட்டுறவே கிடையாது. சாதாரணத் தரையில் கலவை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் கான்கிரீட் தாங்கிக்கொள்ளும். இங்கே கலவை தன்னைத்தானே தாங்க வேண்டும்.

குழாய் விற்ற கோவைக் கம்பெனி, "ஸ்கிரீட் எங்கள் வேலையில் சேராது, அது சிவில்" என்று கொட்டேஷனின் கடைசி வரியில் போட்டிருந்தது. வீடு கட்டிய கான்ட்ராக்டரைக் கேட்டால், "அது ஹீட்டிங்காரங்க வேலைங்க சார், குழாய் ஓட்டையானா எங்க தலையில வரும்" என்றார். இரண்டு பேரும் கைவிட்ட அந்த 70 மி.மீ. உயரத்தில்தான் கதை முழுவதும் நடந்தது.

மாமா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் 30 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய் பதிக்க யாரையும் விடவில்லை. அவரே பதித்தார், அதைப்போல் சுத்தமான வேலையை நான் எந்த சைட்டிலும் பார்த்ததில்லை. படுக்கையறை 12க்கு 11 அடி. அதற்கு 82 மீட்டர் குழாய், நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல் ஒரே ஓட்டம். 100 மீட்டருக்கு மேல் போனால் தண்ணீர் தள்ள பம்ப் திணறும் என்பதால் ஹாலை மூன்று சுற்றாகப் பிரித்தார். பதித்து முடித்ததும் தரையில் டேப்பை விரித்துவைத்து, அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டார். நாளைக்குக் கதவு நிலைக்கு ஓட்டை போடுகிறவனுக்கு அந்தப் படம்தான் கண்.

பிறகு அழுத்தச் சோதனை. 6 பார் ஏற்றிப் பூட்டினார். மதியத்துக்குள் 5.6க்கு இறங்கியது. என் முகம் மாறியதைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ளே, இது இரும்பு இல்ல. பிளாஸ்டிக் இழுபடும். மறுபடி ஏத்து, அப்புறம் நிக்கும்." மறுபடி ஏற்றினோம், நின்றது.

இதுவரை தவறே இல்லை. அடுத்து, கலவையையும் நாமே போட்டுவிடலாம் என்றார். காரணம் கஞ்சத்தனம் இல்லை. 2024 ஜனவரி இரண்டாம் வாரம். கொத்தனார்களும் சித்தாள்களும் பொங்கலுக்கு ஊருக்கு இறங்கிவிட்டார்கள், 20ஆம் தேதிக்கு முன்னால் யாரும் மலையேற மாட்டார்கள். காலேஜ் படிக்கும் மகன் லீவில் வீட்டில் இருந்தான். நான் கோவையில் இருந்தேன். "ஒரு ரூம்தானே, நானும் பையனும் பாத்துக்கறோம்" என்று போனில் சொன்னபோது நானும் சரி என்றுதான் சொன்னேன். அதையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு ரூம்தான். ஆனால் 132 சதுர அடியில் 70 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1.7 டன் கலவை. ஒன்றுக்கு நான்கு விகிதத்தில் ஆறரை மூட்டை சிமெண்ட், 32 கன அடி மணல். அத்தனையையும் மண்வெட்டியால் புரட்டி, பாண்டில் அள்ளி, குழாயை மிதிக்காமல் பலகைமேல் நடந்து கொண்டுபோய்க் கொட்டி, திமிசுக் கட்டையால் குத்தி இறுக்கி, மட்டம் இழுக்க வேண்டும். தண்ணீர் பட்ட கலவையை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் குத்தினால், பிடிக்கத் தொடங்கிய கலவையை உடைக்கிறோம் என்று அர்த்தம். 62 வயதுக்காரருக்கும் மண்வெட்டி பிடித்துப் பழகாத பையனுக்கும் இது நடக்கிற கணக்கே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அறையின் முக்கால் பாகம் முடியும் என்று நினைத்தார்கள். பாதியைக் கொஞ்சம் தாண்டியது. கை ஓய்ந்த இடத்தில் கலவையைச் சரிவாக இழுத்து விட்டுவிட்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமை, போகியன்று போட்டார்கள்.

மணலிலும் ஒரு சறுக்கல். எம்-சாண்ட் என்ற பருமன் கலந்த செயற்கை மணல் கீழிருந்து லாரியில் ஏறி வர வேண்டும், பண்டிகை வாரத்தில் லாரி வரவில்லை. பூச்சு வேலைக்கு வாங்கிக் குவித்திருந்த பி-சாண்ட் என்ற பொடி மணல் முற்றத்தில் இருந்தது. தொட்டால் மிருதுவாக, சுத்தமாக, பார்க்க அதுதான் உசத்தி மாதிரி இருக்கும். சனிக்கிழமைக் கலவை முழுவதும் அதில்தான் போட்டார்கள். ஸ்கிரீட்டுக்கு 4 மி.மீ. வரை பருமன் கலந்த மணல் வேண்டும். பெரிய மணி எலும்பு மாதிரி நிற்கும், சின்ன மணி இடைவெளியை அடைக்கும். வெறும் பொடி மணல் தண்ணீரை அதிகம் குடிக்கும், காயும்போது அதிகம் சுருங்கும்.

இவ்வளவும் எந்தப் புதுக்கையும் செய்யக்கூடியதுதான். அந்தத் தரையைக் கெடுத்தது வேறு, அது இந்த மலைக்கே உரியது. ஜன்னல் இன்னும் மாட்டவில்லை. இரவு உறைபனி இறங்கும், ஈரக் கலவை உறைந்தால் அத்தனை உழைப்பும் வீண் என்று மாமா பயந்தார். பயம் சரிதான், 5 டிகிரிக்குக் கீழே சிமெண்ட் இறுகுவது மிகவும் மெதுவாகிவிடும், உறைந்தால் உள்ளேயே விரிசல்தான். ஜன்னலைத் தார்ப்பாயால் இறுக்கி அடைத்தார். பலகைமேல் இரண்டு இரும்புச் சட்டியில் கரி போட்டு, கனிந்ததும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு இரவும் அப்படியே. குளிருக்குக் கரிச்சட்டி என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

காணும் பொங்கலன்று நான் வந்தேன். தரை மட்டமாக இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல இடமில்லை. ஆனால் கையால் தடவினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. பெருக்கினால் பொடி, மறுபடி பெருக்கினால் மறுபடி பொடி. சனிக்கிழமைப் பாதியில் சிலந்திவலை போல நுண்விரிசல். இரண்டு நாள் வேலையும் சந்தித்த கோட்டில், குழாய்க்குக் குறுக்கே, மயிரிழையாக ஒரு பிளவு.

ஓரத்தில் சின்னத் துண்டு பெயர்த்து, பையில் வைத்திருந்த ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தேன். பழைய கட்டடங்களைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்கும் சாதனம் அது. நல்ல சிமெண்ட் காரத்தன்மை உள்ளது, பட்டதும் ரோஜா நிறம் பூக்கும். துண்டின் கீழ்ப்பகுதி செவேலென்று பூத்தது. மேலே 3 மி.மீ. மட்டும் நிறமே மாறாமல் அப்படியே இருந்தது. கரி எரிந்து வந்த கார்பன் டை ஆக்சைடு அடைத்த அறைக்குள் தரையோடு தரையாகத் தேங்கியிருக்கிறது. ஈரமாக இருந்த மேற்பரப்பின் சுண்ணாம்போடு சேர்ந்து, இறுகவேண்டிய தோலைச் சாக்பீஸ் ஆக்கிவிட்டது. பச்சைக் கான்கிரீட் பக்கத்தில் புகைபோக்கி இல்லாத நெருப்பு வைக்கக் கூடாது என்பது குளிர் நாட்டுக் கட்டடக்காரர்களுக்குப் பாலபாடம். நம்மூர் சைட்டுகளில் நெருப்பு வைக்கிற அவசியமே வராததால் யாரும் சொல்லித் தருவதில்லை. அடைத்த அறையில் கரி கனிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். நடுராத்திரியில் மாமா இரண்டு முறை உள்ளே போய்ச் சட்டியைக் கிளறிவிட்டு வந்தார் என்று அக்கா சொன்னபோது எனக்குத் தரை ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

தார்ப்பாயோடு, கலவைமேல் பாலிதீன் விரித்து, அதன்மேல் பழைய சாக்கையும் வைக்கோலையும் பரப்பியிருந்தாலே போதும். சிமெண்ட் இறுகும்போது தானே கொஞ்சம் சூடு விடும். அதைத் தப்பவிடாமல் போர்த்தினால் சரி.

ஹாலையும் இரண்டாவது படுக்கையறையையும் பிப்ரவரி கடைசியில் மேஸ்திரி கையில் கொடுத்தோம். குன்னூர் பக்கம் 20 வருஷமாகத் தரை போடுகிறவர். அவரோடு இரண்டு கொத்தனார், நான்கு சித்தாள். கூலி மட்டும் சதுர அடிக்கு 45 ரூபாய். தொழில் தெரிந்த ஆட்களிடம் கொடுத்தாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தால் அதுவும் தவறு. அவர்களும் வெந்நீர்க் குழாய்மேல் தரை போட்டதில்லை.

முதல் சண்டை தண்ணீரில் வந்தது. அவர்கள் கைப்பழக்கம் தோசை மாவுப் பதம்; ஊற்றினால் பரவ வேண்டும், மேலே தேய்க்கும் மணியாஸ் கட்டை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு வேண்டியது புட்டு மாவு. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, உடைத்தால் இரண்டாக உடைய வேண்டும். மேஸ்திரி ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது கலவையா? வெறும் மண்ணாட்டம் இருக்குது. இதுல தரை நிக்குமுங்களா?"

"நிக்கும். நீங்க குத்தற குத்துலதான் இருக்கு."

"குத்தறது நம்ம ஆளுங்க குத்திருவாங்க. நாளைக்குப் பொரிஞ்சுதுன்னா என்னைக் கேக்கப்படாது."

"மாமா ரூமைப் போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். போய்ப் பார்த்தார், காலால் தேய்த்தார், ஒன்றும் சொல்லாமல் வந்தார். அதற்குப்பிறகு தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுக்கவிடவில்லை; அக்காவின் கேரட் பாத்திக்கு வைத்திருந்த பூவாளியால்தான் தெளித்தார்கள். டிரம் மிக்ஸரை வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். இந்த உலர் பதத்தில் டிரம்முக்குள் கலவை உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். தகரத்தின்மேல் போட்டுக் காய்ந்தபடி மூன்று புரட்டு, தெளித்து மூன்று புரட்டு.

அதன்பிறகு நடந்ததைத்தான் பார்த்திருக்க வேண்டும். முதல் அடுக்கு குழாய் மறையும் உயரம் வரை. கொத்தனார் ஒருவர் குழாய்க்கு இரண்டு பக்கமும் கைக்கரணையால் கலவையை உள்ளே தள்ளிக்கொண்டே போனார், கண்ணால் பார்க்கக்கூட இல்லை, விரல் நுனியில் குழாயைத் தடவியபடியே. பின்னால் ஒருவர் திமிசு. அது ஈரம் மாறுவதற்குள் இரண்டாவது அடுக்கு, மறுபடி திமிசு, மட்டப்பலகை, மணியாஸ். ஹால் 34 சதுர மீட்டர், ஏறக்குறைய 4.8 டன் கலவை. காலை எட்டரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள், நேற்றைய வேலை, இன்றைய வேலை என்ற இணைப்புக்கோடே இல்லாமல் மூடிவிட்டார்கள். இந்த வேகத்தை நாமே கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: முடியாது. ஒரு வீட்டில் ஒரு தரைதான் இருக்கிறது. கை பழகுவதற்குள் தரை முடிந்துவிடும்.

ஆனால் 11 மணி வாக்கில் அந்த வேகமே ஒரு காரியம் செய்தது. குழாயில் 6 பார் அழுத்தத்தை விட்டுவைத்துத்தான் கலவை போட வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். மீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. திடீரென்று, "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார். முள் 5க்கு வந்து 3ஐ நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தது. போட்ட கலவையில் ஓரிடத்தில் ஈரம் ஊறியது. நான்கு அடிக்கு அள்ளியெடுத்துப் பார்த்தால், மண்வெட்டி நுனி குழாயில் நகம் பதிந்ததுபோல் ஒரு வெட்டு போட்டிருந்தது. மாமா அந்த இடத்தை அறுத்து, இணைப்பு மாட்டி, டேப் சுற்றி, படம் எடுத்து, மறுபடி 6 ஏற்ற 20 நிமிஷம். மீட்டர் இல்லையென்றால், இருந்தும் யாரும் பார்க்கவில்லையென்றால், அந்த வெட்டு டைல்ஸ் ஒட்டி, வெந்நீர் விட்ட அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். வெட்டியது யார் என்று மேஸ்திரி கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து எல் வடிவம். உள்மூலையில் விரிசல் வருவது நிச்சயம் என்பதால் அந்தக் கழுத்தில் தரையை இரண்டாகப் பிரிக்கும் விரிவு இணைப்பு விட்டோம். அதைத் தாண்டும் குழாய்களுக்கு எலெக்ட்ரிக் பைப்பை ஓரடி ஓரடியாக வெட்டி உறை போட்டோம். நல்ல தரையை நாமே பிளப்பதா என்று மேஸ்திரி முணுமுணுத்தார். படுக்கையறைக் கதவடிகளிலும் அதே.

இரண்டாவது சண்டை மறுநாள் காலையில். நான் வருவதற்குள் ஓரத்தில் சிமெண்ட் கரை எழுப்பிப் பாத்தி கட்டத் தொடங்கியிருந்தார்கள், தண்ணீர் நிறுத்த. கான்கிரீட்டோடு ஒட்டிய தளத்துக்கு அது சரி. மிதக்கும் தரையில் தண்ணீர் கட்டினால் சுவரோர நுரைப்பட்டை வழியாக இறங்கி, பாலிதீனுக்கு அடியில் தேங்கிவிடும். வெளியே வர வழியே கிடையாது. பாத்தியை உடைத்துவிட்டு, ஈரம் தெளித்து, பாலிதீன் போர்த்தி ஏழு நாள் அப்படியே விட்டோம். தண்ணீர் கட்டாத தரையை மேஸ்திரியால் தரையாகவே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்காத மாதிரி இருக்குதுங்க" என்றார்.

டைல்ஸ்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, எல்லா இடமும் தொப் தொப்பென்று கேட்கிறது, தரை போச்சு என்றார். தெர்மக்கோல்மேல் போட்ட தரை அப்படித்தான் கேட்கும். சத்தத்தை வைத்து இந்தத் தரையை எடைபோட முடியாது. நான் ஆணியைத்தான் நம்பினேன்.

சீக்கிரம் சூடேற்றிக் காயவைக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சிமெண்ட் ஸ்கிரீட்டுக்கு 21 நாள் கழித்துத்தான் முதல் வெந்நீர்: மூன்று நாள் 25 டிகிரி, பிறகு நான்கு நாள் முழு அளவு. மாமா அதை நாட்காட்டியில் வட்டம் போட்டு, ஒருநாள்கூடத் தவறாமல் செய்தார். மரத்தரை ஒட்டுவதாக இருந்தால் இதற்குமேலும் காத்திருந்திருக்க வேண்டும். முதல் 50 மி.மீ. காய மி.மீ.க்கு ஒரு நாள், அதற்குமேல் இன்னும் மெதுவாக என்பது கணக்கு. மூடுபனி உள்ளே வந்து போகும் வீட்டில் அந்தக் கணக்கும் நிற்காது. டைல்ஸ் என்பதால் தப்பித்தோம்.

மாமா அறையை இடிக்கவில்லை. குழாய்மேல் பிரேக்கர் வைத்தால் ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. மெஷின் வாடகைக்கு எடுத்து மேல்தோல் 3 மி.மீ.யைத் தேய்த்தெடுத்தோம், ஃபீனால்ப்தலீன் எல்லா இடத்திலும் ரோஜா காட்டும்வரை. பிளவு ஓடிய கோட்டுக்கு நேர்மேலே டைல்ஸ் இடைவெளியைக் கொண்டுவந்து, சிமெண்டுக்குப் பதில் நெகிழும் சீலன்ட் அடைத்தோம். டைல்ஸ் ஒட்டவும் விலை கூடிய நெகிழும் பசை. கூலியில் மிச்சம் பிடித்தது 5,940 ரூபாய். தேய்த்தல், டிஸ்க், பசை, சீலன்ட் எல்லாம் சேர்த்துச் செலவு 7,800. மாமாவின் இடுப்பு வலிக்கு வைத்தியச் செலவை அக்கா தனியாக எழுதிவைத்திருக்கிறாள், அதை நான் சேர்க்கவில்லை.

யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: பலகை விரிப்பது, நுரைப்பட்டை, குழாய், அழுத்தச் சோதனை, படம், போர்த்துவது, நாள் எண்ணுவது — இத்தனையையும் வீட்டுக்காரரே செய்யலாம், செய்தால் கூலிக்கு வருகிறவரைவிட நன்றாகவே செய்வார். கலவையை மட்டும் கொத்தனாரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு மீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தண்ணீர்க் குடம் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

இந்த ஜனவரியில் போய் இரண்டு நாள் தங்கினேன். காலையில் அக்கா ஈரத்துணியால் துடைத்ததும் ஹால் தரை ஒரே சீராகக் காய்ந்தது. மாமா அறையில் மட்டும், குழாய் போகும் வழியெல்லாம் வரிவரியாக முதலில் உலர்ந்து, நடுவில் ஈரம் நின்றது, அணிலின் முதுகு மாதிரி. அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வைத்தேன்: ஹால் 26, இந்த அறை வரியில் 26, வரிக்கு நடுவில் 23. அந்த அறையை விருந்தாளிக்குக் கொடுக்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. தன் கட்டிலை அங்கே போட்டுக்கொண்டிருக்கிறார், காலை இறக்கினால் வரியில் படுகிற மாதிரி.